குறைந்த மருந்தும் தீராத கடனும்



சென்ற ஆண்டு எமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் மருத்துவ உதவி நிதி பற்றிய விடயம் வந்தபோது எழுந்த வாக்குவாதம் உங்களிற் பலருக்கு ஞாபகம் இருக்கும். இங்குள்ள முதியோர் இல்லமொன்று கழித்துவிட்ட சக்கர நாற்காலிகளை இலவசமாகத் தருகிறார்கள், கப்பற் செலவை மாத்திரம் நாம் பொறுத்தால் ஊருக்கு அனுப்பலாம் என்று ஓர் ஐயா பிரேரித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அக்கா எழுந்து, "எங்கடை அம்மாவை இருத்த விரும்பாத கதிரையிலை இன்னொருத்தற்றை அம்மாவை இருத்தலாமோ?" என்று கேட்டார். மண்டபம் சற்று நேரம் அமைதியாயிற்று. ஐயாவும் விடவில்லை. "பிள்ளை, கதிரையே இல்லாமல் நிலத்திலை அரக்கித் திரியிற மனிசிக்கு நீங்கள் என்ன பதில் சொல்லப் போறியள்?" என்றார். அதற்குள் பூசைக்கு மணி அடித்துவிட்டது. விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

கணக்குப் புத்தகங்களுடன் ஓரமாக அமர்ந்திருந்த நான் அன்று வாய் திறக்கவில்லை. இருவர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நியாயங்களில் எதை எடுப்பது? நாம் எமக்கென்று ஏற்காத ஒன்றை, வேறு வழியில்லாதவருக்குக் கொடுப்பது தருமமா, அவமதிப்பா? இக்கேள்வியை ஓராண்டாக மனதிற் போட்டுப் புரட்டியதன் பலனே இக்கட்டுரை.

இது எமது மண்டபத்துக்கு மட்டும் உரிய கேள்வியன்று. அண்மைக்கால வரலாற்றில் இதே கேள்வி மிகப் பெரிய அளவில், கோடிக்கணக்கான உயிர்களைப் பணயமாக வைத்துக் கேட்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. அது எச்.ஐ.வி. நோய்க்கு ஏழை நாடுகளில் எந்த மருந்தைக் கொடுப்பது என்ற இடம்.

பெயர் சொல்லத் தயங்கும் நோய்

ஆலய மலரில் இந்த நோயின் பெயரை எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிறருக்கு வரும் நோய், ஒழுக்கம் தவறியவருக்கு வரும் நோய் என்று பேசிப் பழகிவிட்டோம். இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாக 1986இல் கண்டறியப்பட்டது சென்னையிலேதான். கண்டறிந்தது டாக்டர் சுனிதி சாலமன் தலைமையிலான குழு. கணவனிடமிருந்து தொற்றிய மனைவியும், தாயிடமிருந்து தொற்றிய குழந்தையும் எந்த ஒழுக்கத்தைத் தவறினார்கள்? நோயாளியின் நடத்தையை விசாரித்துவிட்டு மருந்து கொடுக்கும் வைத்தியர் வைத்தியர் அல்லர் என்று மாத்திரம் கூறி மேலே செல்கிறேன்.

1996ஆம் ஆண்டு கனடாவின் வன்கூவர் நகரில் நடந்த சர்வதேச மாநாட்டில் ஒரு நற்செய்தி வெளிவந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இக்கிருமி அடங்கிவிடும், படுக்கையிற் கிடந்தவர் எழுந்து வேலைக்குப் போகலாம் என்பதே அது. நோய் முற்றாகத் தீராது. வாழ்நாள் முழுவதும் மருந்து எடுக்கவேண்டும். எனினும் மரண தண்டனையாக இருந்தது, நீரிழிவு போல் வைத்துச் சமாளிக்கக்கூடிய நோயாக மாறியது. விலை மட்டும் ஒருவருக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் அமெரிக்க டொலருக்கு மேல். செல்வந்த நாடுகளில் மரணங்கள் சடுதியாகக் குறைந்தன. நோயாளிகளிற் பெரும்பாலோர் வாழ்ந்த ஆபிரிக்காவில் சவப்பெட்டிகள் குறையவில்லை.

அக்காலத்தில் சொல்லப்பட்ட காரணங்களை இன்று நினைத்தால் மனம் கூசுகிறது. விலை ஒரு காரணம். ஏழைகள் நேரம் தவறாமல் மருந்து எடுக்கமாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். ஆபிரிக்கர் பலருக்கு மேல்நாட்டார் போல் மணிக்கூடு பார்த்து நடக்கும் பழக்கமில்லை என்ற பொருளில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகவரகத் தலைவரே 2001இல் பகிரங்கமாகப் பேசினார். 2006இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் கண்டது வேறு. மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் ஆபிரிக்காவில் நூற்றுக்கு 77 பேர். வட அமெரிக்காவில் 55 பேர். ஏழையைப் பற்றிச் செல்வன் எழுதிவைத்த கணக்கை ஏழையின் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

மலிவாக வந்த குளிசை

2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனத்தின் தலைவர் யூசுப் ஹமீது, மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டொலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அறிவித்தார். ஸ்டாவுடின், லமிவுடின், நெவிரப்பின் என்பன அவற்றின் பெயர்கள். மூன்றும் ஒரே குளிசையில், நாளொன்றுக்கு இரண்டு வேளை. செல்வந்த நாடுகளில் இம்மூன்றையும் ஒரே குளிசையாக அப்போது வாங்க முடியவில்லை. காரணம், ஒவ்வொன்றின் காப்புரிமையும் வெவ்வேறு கம்பனியிடம் இருந்தது. அந்நாளில் இந்தியச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்கவில்லை. ஆகவே மூன்றையும் ஒன்றாக்க அங்கு தடையில்லை. இந்த ஒரு விடயத்தில் ஏழையின் மருந்து பணக்காரனின் மருந்தைவிட இலகுவாகவே இருந்தது.

இக்குளிசையை நம்பிப் பெருந்திட்டம் தொடங்கிய நாடுகளில் ஒன்று மலாவி. தென்கிழக்கு ஆபிரிக்காவிலுள்ள சிறிய, மிக வறிய நாடு. வயது வந்தோரிற் பத்துப் பேருக்கு ஒருவருக்கு மேல் நோய்க்கிருமி இருந்தது. வைத்தியர்கள் மிகச் சொற்பம். 2004இல் உலக நிதியத்தின் உதவியுடன் இலவச சிகிச்சை ஆரம்பமானபோது அந்நாட்டார் ஒரு முடிவெடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே குளிசை. இரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் நோய்க்குறிகளைப் பார்த்தே மருந்து. கொடுப்பவர்கள் உதவி வைத்தியர்களும் தாதிமாரும். இங்கிலாந்திலுள்ள ஒரு விசேட வைத்தியர் அன்று அதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆயினும் சாகவேண்டியவர்கள் எழுந்து தோட்டத்துக்குப் போனார்கள்.

ஆனால் அந்தக் குளிசையிலிருந்த ஸ்டாவுடினுக்கு ஒரு குறை இருந்தது. மாதங்கள் செல்ல, சிலருக்குப் பாதங்கள் எரியத் தொடங்கின. வேறு சிலருக்குக் கன்னத்திலும் கை கால்களிலும் இருந்த கொழுப்புக் கரைந்து முகம் குழி விழுந்தது. மிகச் சிலருக்கு இரத்தத்தில் அமிலம் ஏறி உயிரே போயிற்று. செல்வந்த நாடுகள் 2000களின் நடுப்பகுதிக்குள் இம்மருந்தை ஒதுக்கி, டெனோபோவிர் போன்றவற்றுக்கு மாறிவிட்டன. ஏழை நாடுகளிலோ அதே குளிசை தொடர்ந்தது. ஏனெனில் அதன் விலை ஆண்டுக்கு நூறு டொலருக்கும் கீழே வந்திருந்தது, மற்றையது கணிசமாகக் கூடியது. 2009 நவம்பரிலேயே உலக சுகாதார ஸ்தாபனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

ஒரு பக்கத்தின் செலவு மறு பக்கத்தில்

இவ்விடயம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்பீர்கள். நான் இந்நாட்டுக்கு வந்து, கணக்காளர் பணிமனையொன்றில் கீழ்நிலை உத்தியோகத்தனாகச் சேர்ந்த காலம். 2010இல் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் புத்தகங்களைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். அவர்கள் மலாவியில் ஒரு கிராமச் சிகிச்சை நிலையத்துக்கு உதவி வந்தார்கள். எச்.ஐ.வி. மருந்துக்கு அவர்களிடம் செலவில்லை, அது அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது. ஆனால் கால் எரிவுக்கான குளிசைகள் என்று ஒரு செலவு ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டு போனது. காரணம் கேட்டேன். அங்கிருந்த பெண்மணி, "அது நோயால் வந்த எரிவல்ல, மருந்தால் வந்தது" என்றார்.

அன்று வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மலிவான மருந்தின் விலை மருந்துப் பக்கத்தில் மாத்திரம் எழுதப்படுவதில்லை. ஒரு பகுதி வேறொரு பக்கத்தில், வேறொருவரின் புத்தகத்தில், வேறொரு தலைப்பின் கீழ் வருகிறது. மிகப் பெரிய பகுதி எந்தப் புத்தகத்திலும் வருவதில்லை. கால் எரிகிறவன் மண்வெட்டி பிடிக்க முடியாமற்போன நாட்களை யார் எழுதுகிறார்கள்? குழி விழுந்த கன்னத்தைப் பார்த்து, "ஓ, இவளுக்கும் அந்த வருத்தமாம்" என்று கிணற்றடியில் சனம் கதைத்ததை எந்த வரியிற் பதிவது? நோயை மறைத்த மருந்தே நோயாளியைக் காட்டிக் கொடுத்தது.

இனி மறு பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். விளங்குவதற்காக ஓர் எளிய கணக்கு. கையில் 100,000 டொலர் இருக்கிறது. ஆண்டுக்கு 100 டொலர் மருந்தானால் 1,000 பேர் பிழைப்பார்கள். 200 டொலர் மருந்தானால் 500 பேர். நல்ல மருந்தையே கொடுப்போம் என்று முடிவெடுத்தால், மற்ற 500 பேரின் வீட்டுக்கும் போய் அதைச் சொல்லவேண்டும். "உங்களுடைய மகனுக்குக் குறைந்த மருந்து கொடுக்க எமது மனம் இடம் தரவில்லை, ஆகவே ஒன்றும் கொடுக்கவில்லை." இந்த வசனத்தை எந்தத் தாயின் முகத்தைப் பார்த்து நாம் சொல்லுவோம்?

அக்கணக்கின்படி 2004இல் மலாவி செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அதைச் சொல்லத் தயங்கவில்லை. ஏனெனில் எமது வீட்டிலும் அப்படி ஒரு குளிசை இருந்தது.

அம்மம்மாவின் கை

அம்மம்மாவுக்குத் தொய்வு வருத்தம். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலம். நான் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. வாயில் வைத்து அடிக்கும் பம்ப் கிடைக்கவில்லை. அதே மருந்தைக் குளிசையாகக் கொடுத்தார்கள். குளிசை வேலை செய்தது. இரவில் நிமிர்ந்து இருந்து இழுத்துக்கொண்டிருந்தவர் படுத்து உறங்கினார். ஆனால் அதை விழுங்கினால் கை நடுங்கும். அம்மம்மா எங்கள் ஊர்க் கோயிலுக்கு மாலை கட்டுபவர். நந்தியாவட்டைப் பூவைக் காம்போடு வைத்து நூலைச் சுற்றும்போது பூக்கள் விரலிடுக்கால் நழுவி மடியில் விழும். நான் பக்கத்தில் இருந்து பொறுக்கிக் கொடுப்பேன். "கை நடுங்கினால் என்னடா தம்பி, மூச்சு வருதுதானே" என்பார்.

அந்தக் குளிசையைக் கொடுத்த வைத்தியரை நான் என்றும் கும்பிடுவேன். இருந்ததைக் கொடுத்தார். நல்லது வரும்வரை பொறு என்று சொல்லியிருந்தால் அம்மம்மா பொறுத்திருக்கமாட்டார், போய்ச் சேர்ந்திருப்பார்.

கதை அத்துடன் முடியவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்தது. கொழும்பிலிருந்து சகலதும் வந்தன. பம்ப் மருந்துக்கடைகளில் இருந்தது. அம்மம்மா மாதாமாதம் சிகிச்சைக்குப் போய்வந்தார். துண்டில் அதே குளிசை எழுதப்பட்டது. நாங்களும் அதே குளிசையை வாங்கிக் கொடுத்தோம். எழுதியவரை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். தினமும் அந்த மருந்துக்கடையைத் தாண்டித்தான் போனேன். கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. ஒன்றரை ஆண்டின் பின், கொழும்பிலிருந்து வந்த சித்தி ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார். ஒரு வாரத்தில் பம்ப் வந்தது. கை நடுக்கம் நின்றது. அம்மம்மா பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது முந்தியே இருந்ததோ?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் காலமாகி இருபது ஆண்டுகளாகின்றன. அந்தக் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது.

குறைந்த மருந்தைக் கொடுத்தது பிழையன்று. கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது என்று புத்தகத்தை மூடியதே பிழை.

விரதம் யாருக்கு?

மறு தரப்பு நியாயத்தையும் அதன் மிக உயர்ந்த வடிவிற் பார்ப்போம். தென்னாபிரிக்காவில் சக்கி அக்மத் என்பவர் எச்.ஐ.வி. உள்ளவர், 1998இல் சிகிச்சைக்கான செயற்பாட்டு இயக்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அவருக்கு மருந்து பெற வழி இருந்தது. எனினும் அரச வைத்தியசாலைகளில் ஏழைகளுக்கும் அம்மருந்து கிடைக்கும்வரை தான் எடுக்கப்போவதில்லை என்று உறுதி பூண்டார். உடல்நிலை மோசமாயிற்று. 2002இல் நெல்சன் மண்டேலாவே அவரது வீட்டுக்குச் சென்று மருந்தை எடுக்கும்படி கேட்டுக்கொண்டார். அவர் இணங்கவில்லை. 2003இல் அரசாங்கம் அசைந்து, இயக்கத்தின் தோழர்களும் வற்புறுத்திய பின்னரே மருந்தெடுக்கத் தொடங்கினார்.

அடியார்களாகிய எமக்கு இது புரியாத விடயமன்று. இது விரதம். ஆனால் விரதத்துக்கு ஒரு விதி உண்டு. எனது வயிற்றைத்தான் நான் பட்டினி போடலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் சோற்றுக் கோப்பையைப் பறித்துவிட்டு நான் விரதம் என்று சொல்ல முடியாது. "சமமானது கிடைக்கும்வரை வேண்டாம்" என்று நோயாளி தன்னைப் பற்றிச் சொன்னால் அது தியாகம். நோயற்றவன் நோயாளிக்காக அதைச் சொன்னால் அது கொடுமை. பொதுக்கூட்டத்தில் அக்கா சொன்ன நியாயத்துக்குள் இருந்த ஆபத்து இதுதான் என்று இப்போது எனக்கு விளங்குகிறது.

ஐயாவின் நியாயத்துக்குள்ளும் ஓர் ஆபத்து உண்டு. "வசதி குறைந்த இடங்கள்" என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள். மழை குறைந்த இடம் என்பது போல, யாரும் பொறுப்பில்லாத இயற்கை நிலை போல அது ஒலிக்கிறது. ஆனால் பத்தாயிரம் டொலருக்கு மேல் இருந்த சிகிச்சை 350 டொலருக்கு இறங்கியபோது மருந்தின் இரசாயனத்தில் எந்த மாற்றமும் நிகழவில்லை. மலிவு மருந்துக்கு வழிவகுத்த தென்னாபிரிக்கச் சட்டமொன்றுக்கு எதிராக 39 கம்பனிகள் 1998இல் வழக்குத் தொடுத்து, உலகின் கண்டனத்துக்குப் பின் 2001 ஏப்ரலில் அதைக் கைவிட்டன. எல்லை என்று நாம் கண்டது ஒருவர் கட்டிய வேலி. "இருக்கிற காசுக்கு இதுதான்" என்று கூறுமுன், இருக்கிற காசு ஏன் இவ்வளவு, விலை ஏன் அவ்வளவு என்றும் கேட்கவேண்டும். அந்தக் கேள்வியைக் கேளாத சிக்கனம் அநீதிக்குக் கணக்கெழுதுவதாகவே முடியும்.

நூற்றில் மூன்று பேர்

மருந்தைப் போலவே பரிசோதனையிலும் இக்கேள்வி வந்தது. யுகண்டாவிலும் சிம்பாப்வேயிலும் 2003 முதல் 3,316 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஒழுங்கான இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் பார்த்துச் சிகிச்சை. மறு பிரிவினருக்குப் பெரும்பாலும் நோய்க்குறிகளைப் பார்த்தே சிகிச்சை. ஐந்தாண்டின் பின் முதற் பிரிவில் நூற்றுக்கு 90 பேர் உயிருடன் இருந்தார்கள். இரண்டாவது பிரிவில் 87 பேர். மருந்தே இல்லாதிருந்தால் இவர்களிற் பெரும்பாலோர் அந்த ஐந்தாண்டைக் கண்டிருக்கமாட்டார்கள்.

இதிலிருந்து நல்லறிவு உள்ளவர்கள் எடுத்த முடிவு: ஆய்வுகூடம் இல்லை என்பதற்காக மருந்தை மறுக்காதே. அது சரியே. ஆனால் கணக்காளன் என்ற முறையில் எனக்குப் பழக்கமான ஒரு சோதனை இங்கே இருக்கிறது. 90க்கும் 87க்கும் "பெரிய வித்தியாசமில்லை" என்று எழுதத் தோன்றும். அந்த மூன்று, மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பெயர். அந்த மூன்றையும் அழித்துவிடாமல் நிலுவை என்று எழுதி, அடுத்த ஆண்டுக்கு முன்கொண்டு செல்லவேண்டும். கடன் கொடுத்தவன் கேட்க வராத கடனும் கடன்தான்.

மலாவி அந்த நிலுவையை மறக்கவில்லை. 2011இல் டெனோபோவிர் அடங்கிய நல்ல குளிசை வரத் தொடங்கியபோது எல்லோருக்கும் போதாது. யாருக்கு முதலில்? முதலிற் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் காசநோய் உள்ளவர்களுக்கும் என்று முடிவு செய்தார்கள். இரத்தப் பரிசோதனை வசதி இல்லாத காரணத்தால், கிருமி உள்ள கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பரிசோதனைக்குக் காத்திராமல் வாழ்நாள் மருந்து என்றும் தீர்மானித்தார்கள். உலக வழிகாட்டி நூல்களில் அன்று இல்லாத முறை அது. 2013இல் உலக சுகாதார ஸ்தாபனமும் அவ்வழிக்கு வந்தது. படிப்படியாக ஏனையோருக்கும் பழைய குளிசை நிறுத்தப்பட்டது. இல்லாமையிலிருந்து தொடங்கிய ஏழை நாடு, இருப்பவர்களுக்கு வழிகாட்டியது.

2018இல் இன்னொரு பாடம் கிடைத்தது. டொலுடெகிராவிர் என்ற மேலும் சிறந்த மருந்து வந்துகொண்டிருந்தது. பொட்சுவானாவில் நடந்த ஓர் ஆய்வு, கருத்தரிக்கும் வேளையில் அதை எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்கு முள்ளந்தண்டுக் குறை வரலாம் என்ற ஐயத்தை எழுப்பியது. உடனே சில இடங்களில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அம்மருந்து மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் ருவாண்டாவின் கிகாலியில் கூடிய, எச்.ஐ.வி. உள்ள ஆபிரிக்கப் பெண்கள், "நன்மை தீமை இரண்டையும் எமக்குச் சொல்லுங்கள், தெரிவை எம்மிடம் விடுங்கள்" என்ற பொருள்பட அறிக்கை விட்டார்கள். மேலும் தரவுகள் சேர ஐயம் தணிந்தது. 2019இல் அம்மருந்து பெண்கள் உட்பட அனைவருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. குறைந்ததோ கூடியதோ, பெறுபவரிடம் கேளாமற் கொடுப்பதும் கேளாமல் மறுப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

அந்த மருந்து சேர்ந்த ஒரே குளிசையே இன்று இலண்டன் நோயாளிக்குச் சமமான சிகிச்சையை மலாவி விவசாயிக்கும் கொடுக்கிறது. 2023இல் அதன் விலை ஒருவருக்கு ஆண்டுக்கு 45 டொலருக்கும் கீழே இறங்கியதாக உலக நிதியம் அறிவித்தது. 2024 முடிவில் உலகில் இந்நோயுடன் வாழ்ந்த சுமார் 4 கோடி 8 லட்சம் பேரில் 3 கோடி 16 லட்சம் பேர் சிகிச்சை பெற்றார்கள். ஆயினும் அவ்வாண்டில் மாத்திரம் சுமார் 630,000 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது பல நாடுகளில் சிகிச்சை நிலையங்கள் தடுமாறின. நிலுவை இன்னும் தீரவில்லை.

எமது கதிரைகள்

இனி எமது மண்டபத்துக்கு வருவோம். இவ்வளவையும் எண்ணிப் பார்த்ததில், குறைந்த ஒன்றைக் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது.

முதலாவது, இதை நாம் கொடாவிட்டால் அவருக்குக் கிடைக்கப்போவது இதைவிட நல்லதா, ஒன்றுமில்லையா? ஒன்றுமில்லை என்றால் கொடுக்கவேண்டும். எமது கூச்சம் அவரது உயிரைவிடப் பெரிதன்று.

இரண்டாவது, இதன் குறையை அவருக்கு மறைக்காமற் சொன்னோமா, வேண்டுமா என்று கேட்டோமா?

மூன்றாவது, இதை எப்போது மீண்டும் திறந்து பார்ப்போம் என்று திகதி எழுதினோமா? மூன்றில் இதுவே மிக எளிதில் மறக்கப்படுவது. கொடுத்தவுடன் மனம் நிறைந்துவிடுகிறது. நிறைந்த மனம் புத்தகத்தை மூடிவிடுகிறது. பெறுபவரோ நன்றியினாலே வாய் திறப்பதில்லை. அம்மம்மா ஒருநாளும் முறைப்பாடு செய்யவில்லை. அதனாலேயே நாங்கள் ஒன்றரை ஆண்டு கேட்கவில்லை.

ஆகவே வரும் பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை வைக்க எண்ணியுள்ளேன். அந்தக் கதிரைகளைத் தடையும் சில்லும் திருத்தி அனுப்புவோம். அவை பாவித்தவை என்பதை ஊரிலுள்ளவர்களுக்குச் சொல்லி, வேண்டியவர்களிடம் கேட்டே கொடுப்போம். அதே தீர்மானத்திலேயே, அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் புதிய கதிரைகளுக்கென ஒரு வரி எழுதுவோம். தொகை சிறிதாக இருக்கலாம், வரி இருக்கவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நான் கணக்கு வாசிக்கும்போது அந்த நிலுவையையும் சேர்த்து வாசிப்பேன். ஐயாவும் அக்காவும் ஒன்றாக இருந்து அதைக் கேட்கவேண்டும் என்பது எனது விருப்பம்.

ஊரில் எவராவது ஒரு தாய், புதிய கதிரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது முந்தியே இருந்ததோ?" என்று கேட்டால், "இல்லை அம்மா, கிடைத்தவுடன் கொண்டுவந்தோம்" என்று சொல்லக்கூடியவர்களாக நாம் இருக்கத் திருவருள் துணை செய்வதாக.

மாற்றுக் கருத்துள்ள அன்பர்கள் அடுத்த மலருக்கு எழுதுங்கள். அல்லது பூசை முடிந்தபின் மடப்பள்ளிப் பக்கம் என்னைக் கண்டால் நேரிலேயே கேளுங்கள்.